எட்டாம் அடுக்கு காலி

போரையே கடவுளாகக் கும்பிடும் ஒரு சமூகம். அங்கே போர்வீரர் கொல்கிறார். பூசாரி அந்தக் கொலையைப் படையல் என்று அறிவிக்கிறார். உடம்பை அறுத்துக்கொள்வது பக்தி, வலியில் முனகாமல் இருப்பது ஒழுக்கம். ஒருவர் என்ன வேலை செய்யலாம், எந்த அறிவைத் தொடலாம், யாரைக் காதலிக்கக் கூடாது என்பதெல்லாம் பிறந்த குலத்தை வைத்தே முடிவாகிவிடுகிறது. எல்லாவற்றுக்கும் அடியில், கடவுளரால் கைவிடப்பட்டவர்கள் என்று முத்திரை குத்தப்பட்ட ஒரு கூட்டம், மற்றவர்கள் தொட விரும்பாத வேலைகளைச் செய்துகொண்டிருக்கிறது.

மனுவின் உலகத்தைச் சொல்கிறேன் என்று நினைத்திருப்பீர்கள். இது 1999 முதல் 2003 வரை அமெரிக்காவில் வெளிவந்த 19 ஸ்டார் வார்ஸ் நாவல்களில் வரும் ஒரு வேற்றுலக இனம். பெயர் யூஜான் வோங். ‘நியூ ஜெடை ஆர்டர்’ என்ற அந்த வரிசையைப் பல எழுத்தாளர்கள் பங்கிட்டு எழுதினார்கள். ஆர்.ஏ. சால்வடோரின் ‘வெக்டர் பிரைம்’ முதல் நூல், ஜேம்ஸ் லூசினோவின் ‘தி யூனிஃபையிங் ஃபோர்ஸ்’ கடைசி நூல். லூகாஸ்ஃபிலிமை 2012இல் டிஸ்னி வாங்கியது. அதன் பிறகு, 2014இல், இந்த நாவல்களெல்லாம் அதிகாரபூர்வக் கதையிலிருந்து விலக்கப்பட்டு ‘லெஜண்ட்ஸ்’ என்ற பெயரில் ஓரமாக வைக்கப்பட்டன. ஆனாலும் வாசகர்கள் இன்னும் அவற்றைத் தேடிப் படிக்கிறார்கள், இணையத்தில் சண்டை போடுகிறார்கள்.

சாதி ஒழிப்பு பேசும் தளத்தில் விண்வெளிக் கதைக்கு என்ன வேலை என்று கேட்கலாம். வெகுமக்கள் கதைகள்தான் எது இயல்பு, எது வீரம், யார் மீட்பர், யார் மீட்கப்பட வேண்டியவர் என்பதை அதிகப் பிரசங்கம் இல்லாமல் மனதில் பதிய வைக்கின்றன. புராணம் அதைச் செய்தது, சினிமா செய்தது, இன்று நாவலும் தொடரும் வீடியோ கேமும் செய்கின்றன. சாதியைப் பற்றி ஒன்றும் தெரியாத வாசகர்களுக்காக, சாதியை நேரில் அனுபவிக்காத எழுத்தாளர்கள், ஒரு சாதிச் சமூகத்தைக் கற்பனை செய்தால் எதைச் சரியாகப் பிடிப்பார்கள், எந்த இடத்தில் சறுக்குவார்கள்? யூஜான் வோங் கதை இதற்கு நல்ல சோதனைக்கூடம்.

வாளும் மணியும்

வோங்குகள் வேறொரு விண்மீன் மண்டலத்திலிருந்து வருகிறவர்கள். தலைமுறை தலைமுறையாகப் பிரம்மாண்டமான உலகக் கப்பல்களில் பயணம் செய்து வந்தவர்கள். அந்தக் கப்பல்கள் முதுமையடைந்து செத்துக்கொண்டிருக்கின்றன. அவர்களுக்கு இயந்திரம் என்றாலே தெய்வ நிந்தனை. கப்பல், கவசம், ஆயுதம், தொலைபேசி எல்லாமே வளர்க்கப்பட்ட உயிர்கள். பவளப் பாறையைப் போல வளரும் விண்கலம். பாம்பைப் போல வளைந்து, கோலைப் போல விறைத்து நிற்கும் ஆயுதம். இயந்திரத்தோடு வாழும் மற்ற எல்லா இனங்களும் அவர்கள் கண்ணில் தீட்டானவை. ஆகவே அந்த உலகங்களை அழிப்பதும் பிடிப்பதும் புனிதக் கடமை.

இந்தச் சமூகத்தில் ஆட்சித் தலைவருக்குக் கீழே போர்வீரர், பூசாரி, வடிவமைப்போர், நிர்வாகிகள், உழைப்பாளர் என்று பிரிவுகள். வடிவமைப்போர் என்பவர்கள் உயிர்களை மாற்றி அமைக்கும் அறிவைத் தம் கையில் வைத்திருப்பவர்கள். நம் மொழியில் அறிவியலாளர்கள். எல்லாருக்கும் அடியில் இழிவாக்கப்பட்டோர். கடவுளரிலும் பிரிவு உண்டு. படைத்தவர் யுன்-யூஜான், போருக்கு யுன்-யாம்கா, தந்திரத்துக்கு யுன்-ஹார்லா. இழிவாக்கப்பட்டோருக்கென்று யுன்-ஷுனோ என்று தனியாக ஒரு கடவுள். அதாவது ஒதுக்கப்பட்டவர்களுக்குக் கடவுளும் ஒதுக்கப்பட்டே கிடைக்கிறார்.

போர்வீரரும் பூசாரியும் சேருமிடத்தில்தான் இந்தச் சமூகத்தின் இயக்கம் இருக்கிறது. போர்வீரனுக்கு எதிரி வேண்டும். அந்த எதிரி கடவுளுக்கே எதிரி என்று சொல்லப் பூசாரி வேண்டும். பூசாரிக்குப் பலி வேண்டும். பலிக்கு ஆள் பிடித்து வரப் போர்வீரன் வேண்டும். ஒருவர் மற்றவருக்குச் சோறு போடுகிறார். போர் முடிந்துவிட்டால் இருவருக்கும் பிழைப்பு இல்லை. எனவே போர் முடிவதே இல்லை. வீரத்தின் மீதான காதல் என்று நாவல்கள் இதைச் சில இடங்களில் பிரமிப்போடு சொன்னாலும், கூட்டிக் கழித்துப் பார்த்தால் இரண்டு ஆதிக்கப் பிரிவுகள் ஒன்றையொன்று தாங்கிப் பிடிக்கும் ஏற்பாடுதான் மிஞ்சுகிறது.

நமக்கு இது புதிதில்லை. அண்ணல் அம்பேத்கர், பண்டைய இந்தியாவின் புரட்சியும் எதிர்ப்புரட்சியும் பற்றி எழுதி முடிக்காமல் விட்டுச்சென்ற பக்கங்களில் கீதையை எடுத்துக்கொண்டு வாதிடுகிறார். அந்நூல் போருக்குத் தத்துவ நியாயம் தேடித் தருகிறது, அதே மூச்சில் நால்வருணத்துக்கும் நியாயம் தேடித் தருகிறது என்பது அவர் வைத்த விமர்சனம். போரைப் புனிதமாக்கும் நூலே பிறவிப் படிநிலையையும் புனிதமாக்குவது தற்செயலா? கொல்வது என் தருமம் என்று ஒருவன் நம்பினால், மலம் அள்ளுவது உன் தருமம் என்று அடுத்தவனிடம் சொல்வது எளிது. இரண்டுக்கும் ஒரே இலக்கணம்தான்.

உடம்பில் எழுதப்படும் தீர்ப்பு

வோங் சமூகத்தில் பதவி உயர்வு என்பது உடம்பில் நடக்கும் சடங்கு. ஒருவர் அடுத்த படிக்குப் போக வேண்டுமானால் தன் உறுப்பொன்றை வெட்டிவிட்டு, வளர்க்கப்பட்ட வேறொரு உயிருறுப்பைப் பொருத்திக்கொள்ள வேண்டும். உடம்பு ஏற்றுக்கொண்டால் கடவுள் ஏற்றுக்கொண்டார். உடம்பு நிராகரித்துப் புண் அழுகினால், கடவுள் நிராகரித்துவிட்டார். அந்த நொடியிலிருந்து அவர் இழிவாக்கப்பட்டவர். நேற்றுவரை தோளோடு தோள் நின்றவர்கள் முகம் திருப்பிக்கொள்வார்கள். நேற்றுவரை வணங்கியவர்கள் அவரிடம் வேலை ஏவுவார்கள்.

நாவலாசிரியர்கள் இங்கே ஒரு முக்கியமான விஷயத்தைப் பிடித்திருக்கிறார்கள். சாதியமைப்பு எப்போதும் பிறப்பை மட்டும் சொல்லி நிற்பதில்லை, ‘தகுதி’ என்ற சொல்லையும் துணைக்கு அழைத்துக்கொள்ளும். ‘இது பரிசோதனை, யாரும் எழுதலாம், தேறினால் மேலே வா, தேறாவிட்டால் குறை உன்னிடம்’ என்று சொல்லும். பரிசோதனையை யார் நடத்துகிறார்கள், கத்தி யார் கையில் இருக்கிறது, புண்ணில் மருந்து வைக்கிறவர் யார் என்ற கேள்விகளை மட்டும் யாரும் கேட்கக் கூடாது.

கதை அந்தக் கேள்விகளைக் கேட்கிறது. அதுவும் இரண்டு முறை.

முதல் மனிதன் வுவா ரபுவாங். கிரெக் கீஸ் எழுதி 2001இல் வந்த ‘கான்க்வெஸ்ட்’ நாவலில் வருகிறான். புகழ்பெற்ற போர்வீரனாக இருந்தவன். இப்போது உடம்பெல்லாம் அழுகி, இழிவாக்கப்பட்டோரோடு கிடக்கிறான். தன்னைக் கடவுளர் நிராகரிக்கவில்லை என்று அவன் மட்டும் விடாமல் சொல்லிக்கொண்டிருக்கிறான். உண்மை அதுதான். வடிவமைப்போர் பிரிவைச் சேர்ந்த மெஜான் குவாட் என்பவளும் அவனும் காதலர்கள். இரு பிரிவுகளுக்கு இடையே அப்படியொரு உறவு விலக்கப்பட்டது. உறவு வெளியே தெரிந்தால் தன் பதவி போய்விடும் என்று அவள் தன் அறிவைப் பயன்படுத்தி அவன் உடம்பை அழுகவிடுகிறாள். கடவுளின் தீர்ப்பு என்று ஊரே நம்பிய அந்தப் புண், ஒரு ஆய்வுக்கூடத்தில் செய்யப்பட்டது.

இரண்டாவது மனிதன் ட்சவாங் லா. படைகளின் தலைமைத் தளபதி. அவன் கையில் பொருத்திய விலங்குறுப்பும் அழுகத் தொடங்குகிறது. தானும் இழிவாக்கப்பட்டவனாகிவிடுவோமோ என்ற பயம் அவனை அரிக்கிறது. விசாரித்துப் பார்த்தால், அதன் பின்னால் வடிவமைப்போரும் பூசாரியும் சேர்ந்து செய்த சதி இருக்கிறது. கடவுளுக்குச் சேர வேண்டிய பங்கு என்ற பெயரில் தங்கள் பங்கைக் கறக்க, தளபதியின் உடம்பையே பிணையாக வைத்திருக்கிறார்கள்.

இரண்டு உடம்பிலும் நடந்தது ஒன்றுதான். ஆனால் ட்சவாங் லாவிடம் அதிகாரம் இருந்தது. இரகசியமாக ஒரு வல்லுநரை அழைத்துப் பார்க்க முடிந்தது, சதிகாரர்களைத் தண்டிக்க முடிந்தது. ரபுவாங்கிடம் ஒன்றுமில்லை, ஆகவே அவன் தீண்டத்தகாதவன் ஆனான். தீட்டு உடம்பில் இல்லை, அதை அறிவிக்கிறவரின் அதிகாரத்தில் இருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாக ஒரு சாகசக் கதை சொல்ல முடியாது. கலப்புக் காதலை மறைக்கவே ஒருவனுக்குத் தீட்டு ஒட்டப்படுகிறது என்பதையும் கவனியுங்கள். 1916 மே மாதம் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த கட்டுரையிலேயே அம்பேத்கர் அகமணம்தான் சாதியின் அச்சாணி என்று நிறுவினார். எல்லையைத் தாண்டும் காதல் எப்போதும் அந்த அச்சாணியைத்தான் ஆட்டுகிறது. அதனால்தான் தண்டனை இவ்வளவு கொடூரமாக இருக்கிறது. கதையிலும் சரி, நம் ஊர்களின் தண்டவாளங்களிலும் சரி.

காலியாக இருந்த பெட்டகம்

இந்த நாவல் வரிசையில் என்னை மிகவும் கவர்ந்த இடம் எட்டாம் அடுக்கு. வோங்குகளின் அறிவு முழுவதும் அடுக்கடுக்காகப் பூட்டி வைக்கப்பட்டிருக்கிறது. கீழ்ப்படியில் இருப்பவர்களுக்குக் கீழடுக்குகள், உயர்ந்த பதவியில் இருப்பவர்களுக்கு மேலடுக்குகள். அறிவு எல்லாம் கடவுளர் ஆதியில் அருளியது. புதிதாக ஒன்றைக் கண்டுபிடிப்பது பாவம். வடிவமைப்போரின் வேலை அருளப்பட்டதை மறுபடி ஓதுவது மட்டுமே. போரில் இக்கட்டு வந்தாலும் பயமில்லை, எட்டாம் அடுக்கில் எல்லாவற்றுக்கும் விடை இருக்கிறது என்று மக்கள் நம்புகிறார்கள்.

நென் யிம் என்ற இளம் வடிவமைப்பாளர் விதிகளை மீறிச் சோதனைகள் செய்கிறவள். செத்துக்கொண்டிருக்கும் கப்பலைக் காப்பாற்ற வேண்டுமென்றால் ஓதுவது போதாது, யோசிக்க வேண்டும் என்று உணர்ந்தவள். வால்டர் ஜான் வில்லியம்ஸ் எழுதிய ‘டெஸ்டினிஸ் வே’ (2002) நாவலில் எட்டாம் அடுக்கின் இரகசியம் அவளுக்குத் தெரியவருகிறது. அங்கே ஒன்றுமில்லை. ஏறக்குறையக் காலி. ஆட்சித் தலைவன் ஷிம்ராவுக்கும் அது தெரியும்.

இந்த ஓரிடத்தில் கதை தன்னை மீறி ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறது. படிக்கக் கூடாது என்று தடுக்கப்பட்டவர்கள், பூட்டிய கதவுக்குப் பின்னால் ஏதோ மகத்தானது இருக்கிறது என்று நம்பியிருக்கிறார்கள். பூட்டியவர்களின் கௌரவம் முழுக்க அந்த நம்பிக்கையில்தான் நிற்கிறது. கதவைத் திறந்தால் கௌரவம் போய்விடும். ஆகவே கதவை நெருங்குகிறவனைக் கொல்ல வேண்டும், கதவுக்கு வெளியே எப்போதும் ஒரு போர் நடந்துகொண்டிருக்க வேண்டும். வோங்குகளின் ஓயாத போர்வெறிக்கு என்ன காரணம் என்று பல விளக்கங்கள் நாவல்களில் உண்டு: கப்பல் சாகிறது, கடவுளர் வாக்களித்தார்கள், இயந்திரம் பாவம். என் வாசிப்பில் மூலக் காரணம் இதுதான். உள்ளே கொடுப்பதற்கு ஒன்றுமில்லாத ஒரு ஆட்சி, மக்களின் கண்ணை வெளியே திருப்பி வைத்திருக்கிறது.

1936இல் அச்சான ‘சாதியை அழித்தொழித்தல்’ உரையில் அம்பேத்கர், சாதியை ஒழிக்க விரும்புகிறவர்கள் மனிதர்களைத் திட்டிப் பயனில்லை, அந்த மனிதர்களுக்குச் சாதியைக் கற்பித்த சாத்திரங்களின் புனிதத்தைத் தகர்க்க வேண்டும் என்று வாதிட்டார். அதற்கு 9 ஆண்டுகளுக்கு முன்பே, 1927 டிசம்பர் 25 அன்று, மகாடில் மனுஸ்மிருதியை எரித்திருந்தார். எரிப்பது என்பது எட்டாம் அடுக்கைத் திறந்து ஊருக்குக் காட்டுவது.

கதையில் நென் யிம் அந்த இரகசியத்தை ஊருக்குச் சொல்வதில்லை. அரசனுக்காக இரகசியமாக வேலை செய்கிறாள். வெறுமையை அறிந்த அறிவாளி, அந்த வெறுமையை மறைக்கும் ஆட்சிக்குப் புதிய ஆயுதம் செய்து கொடுக்கிறாள். பல்கலைக்கழகங்களில் இருக்கும் நம்மைப் போன்றவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்கலாம். அறிந்துகொள்வது மட்டும் கலகமாகாது. யாரிடம் சொல்கிறோம் என்பதில்தான் கலகம் இருக்கிறது.

துரோகி என்ற பட்டம்

‘கான்க்வெஸ்ட்’ நாவலின் முடிவில், எதிரிப்படையைச் சேர்ந்த அனகின் சோலோ என்ற ஜெடை இளைஞன் உதவியோடு, ரபுவாங் தன்னை அழித்தவளை எல்லார் முன்னாலும் உண்மை சொல்ல வைக்கிறான். பிறகு சண்டையிட்டுச் சாகிறான். அங்கே நின்ற இழிவாக்கப்பட்டவர்கள் அதைக் கேட்கிறார்கள். ‘கடவுளர் நிராகரித்ததாகச் சொல்லப்பட்ட ஒருவன் குற்றமற்றவன். அவன் பக்கம் நின்றது ஒரு ஜெடை.’ இந்தச் செய்தி வாய்வழியாகக் கசிகிறது. இருட்டில் பேசப்படுகிறது. நாவல் தோறும் வளர்ந்து ஒரு மதமாகிறது. ஆளும் பிரிவினர் அதை ‘ஜெடை மதத்துரோகம்’ என்று அழைக்கிறார்கள். கண்டுபிடிக்கப்பட்டால் மரணம்.

இந்த மொத்த வரிசையிலும் மிகச் சிறந்த கற்பனை இதுதான். பெரும் படைகள் மோதிக்கொண்டிருக்கும்போது, வரலாற்றை மாற்றுவது அடித்தட்டில் நடக்கும் கிசுகிசுப்பு. தன் சமூகம் ‘எதிரி’ என்று சொன்னவரிடத்தில் ஒடுக்கப்பட்டவர் நீதியைக் காண்கிறார். உடனே துரோகி என்ற பட்டம் வருகிறது. எந்தச் சமூகத்துக்கு அவர் துரோகம் செய்தார்? தன்னை மனிதனாகவே சேர்த்துக்கொள்ளாத சமூகத்துக்கா? 1818 சனவரி 1 அன்று கோரேகானில் பேஷ்வாவின் படைக்கு எதிராக நின்ற மகர் வீரர்களைப் பற்றி இன்றும் இதே கேள்வி எழுப்பப்படுகிறது. அம்பேத்கர் 1927இல் அந்த நினைவுத்தூணுக்குப் போய் மரியாதை செய்தது இந்தக் கேள்விக்கான பதில். ஊருக்குள் விடாதவன், ஊருக்காகச் சாகச் சொல்லும் உரிமையை இழந்துவிடுகிறான்.

யாரிடம் தலைமை

இங்கேதான் நாவலாசிரியர்கள் கை நடுங்குகிறது.

இழிவாக்கப்பட்டோரின் இயக்கத்துக்கு ஒரு தீர்க்கதரிசி தோன்றுகிறார், யுஷா என்ற பெயரில். கூட்டம் கூட்டமாக மக்கள் அவர் பேச்சைக் கேட்கிறார்கள். அந்த யுஷா உண்மையில் யார்? நிர்வாகிகள் பிரிவைச் சேர்ந்த நோம் அனோர். முதல் நாவலிலிருந்தே சூழ்ச்சி செய்து வருகிறவன். தோல்விகளால் அரசனின் கோபத்துக்கு ஆளாகி, உயிருக்குப் பயந்து தலைநகரின் பாதாளத்தில் ஒளிந்தவன். எந்தக் கடவுளையும் நம்பாதவன். இழிவாக்கப்பட்டோரின் நம்பிக்கையை ஏணியாக்கி மேலே ஏற வேடம் போடுகிறான். வாய்ப்புக் கிடைத்ததும் அரசனிடமே திரும்பிப்போய்ப் பதவி வாங்கிக்கொள்கிறான். காற்று திசை மாறியதும் மறுபடி தீர்க்கதரிசி ஆகிறான்.

இது போதாது என்று கடைசி நாவலில் இன்னொரு திருப்பம். பேரரசன் ஷிம்ரா வெறும் பொம்மை. அவன் மனதைத் தன் பிடியில் வைத்து ஆட்டுவித்தவன், அவன் காலடியில் உட்கார்ந்து அடுக்குமொழி பேசிக்கொண்டிருந்த கோமாளி ஓனிமி. அவன் இழிவாக்கப்பட்டவன். தன் மூளையிலேயே தடைசெய்யப்பட்ட சோதனை செய்து, உருக்குலைந்து, அதனால் வீழ்ந்தவன்; வீழ்ந்த ஆத்திரத்தில் உலகத்தையே எரிக்கத் துணிந்தவன்.

இரண்டையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். விடுதலையைக் கோரும் இழிவாக்கப்பட்டோருக்குத் தலைவன், வேடமிட்ட மேல்பிரிவு ஆள். கொடுங்கோன்மைக்குப் பின்னால் இருந்த மூளையோ, ஒரு இழிவாக்கப்பட்டவன். நல்லது செய்யத் தலைமை வெளியிலிருந்து வர வேண்டும். கெட்டதன் வேர் மட்டும் அடியிலிருந்து முளைக்கிறது. 19 நாவல்களாகப் பூசாரிகளும் போர்வீரர்களும் செய்த அத்தனை பலிகளும், கடைசி நூலின் கடைசிப் பகுதியில் ஒரு ஒதுக்கப்பட்டவனின் தனிப்பட்ட வன்மமாகச் சுருங்கிவிடுகின்றன. அமைப்பு தப்பித்துக்கொள்கிறது.

இதற்கு மறுப்பு உண்டு. நோம் அனோர் பொய்யன் என்றாலும் அவன் கிளப்பிய நெருப்பு அவனைவிடப் பெரிதாக வளர்ந்துவிடுகிறது, அந்த முரணைத்தான் ஆசிரியர்கள் காட்டுகிறார்கள் என்று ரசிகர்கள் சொல்வார்கள். அதில் நியாயம் இருக்கிறது. இறுதிப் போரில் இழிவாக்கப்பட்டவர்கள் எழுந்து நிற்பது யுஷாவுக்காக அல்ல, தங்களுக்காகத்தான். ஓனிமியும் அமைப்பு செய்த காயத்தின் விளைவு என்று படிக்க இடமிருக்கிறது. ஆனால் அந்த எழுச்சியில் சொந்தப் பெயரோடு, சொந்தச் சொல்லோடு, தானே யோசித்து முடிவெடுக்கும் ஒரு இழிவாக்கப்பட்ட மனிதரை நாம் எத்தனை பக்கங்கள் பின்தொடர்கிறோம்? ரபுவாங் ஒரு நாவலில் வந்து செத்துப்போகிறான். அவனும் ‘நான் இழிவாக்கப்பட்டவன் அல்ல’ என்று நிறுவப் போராடினானே ஒழிய, ‘யாரையும் இழிவாக்காதே’ என்று போராடவில்லை. உழைப்பாளர் பிரிவின் கதி இன்னும் மோசம். கப்பலை வளர்த்தவர்கள், நகரத்தைக் கட்டியவர்கள், சோறு போட்டவர்கள் அவர்கள். நாவல் வரிசையை மூடி வைத்த பிறகு அவர்களில் ஒருவர் பெயரும் என் நினைவில் நிற்கவில்லை.

ஐந்து இருக்கைகள்

இது ஸ்டார் வார்ஸின் தனி நோய் அல்ல. ஜே. மைக்கேல் ஸ்டிராசின்ஸ்கி உருவாக்கிய ‘பாபிலோன் 5’ தொலைக்காட்சித் தொடரில் மின்பாரி என்ற இனம் வருகிறது. அங்கே மூன்று சாதிகள், அந்தச் சொல்லாலேயே அழைக்கப்படுகின்றன: சமயச் சாதி, போர்ச் சாதி, உழைப்புச் சாதி. ஒன்பது பேர் கொண்ட சபையில் சாதிக்கு மூன்று இருக்கை. சமமாகத்தான் தெரிகிறது. ஆனால் பேசுகிறவர்கள் எல்லாம் சமயச் சாதியும் போர்ச் சாதியும். 1997இல் ஒளிபரப்பான நான்காவது பருவத்தில் இந்த இரண்டு சாதிகளுக்கும் உள்நாட்டுப் போர் மூள்கிறது. நகரங்களைக் கட்டியவர்கள் நடுவில் சிக்கிச் சாகிறார்கள்.

முடிவில் சமயச் சாதியைச் சேர்ந்த நாயகி டெலென் சபையைத் திருத்தி அமைக்கிறாள். உழைப்புச் சாதிக்கு ஐந்து இருக்கை, மற்ற இரண்டுக்கும் இரண்டிரண்டு. கேட்கும்போது கைதட்டத் தோன்றும். நானும் தட்டுவேன், பெரும்பான்மை பெரும்பான்மைதான். ஆனாலும் கேளுங்கள்: உழைப்புச் சாதி எப்போது இதைக் கோரியது? எங்கே கூடிப் பேசியது? வேலைநிறுத்தம் செய்ததா? சபையை முற்றுகையிட்டதா? கொடுத்த கையை நாம் பார்க்கிறோம், வாங்கியவர்களின் முகம் நமக்கு நினைவில்லை. சாதிகளுக்கு இருக்கை மாறியது, சாதி அப்படியே இருக்கிறது.

போர்வெறி கொண்ட சாதிகளின் சமூகத்தை எழுதும்போது மேற்கத்திய வெகுமக்கள் புனைவு திரும்பத் திரும்ப இந்த இரண்டு வழிகளையே எடுக்கிறது. ஒன்று, மேலே இருக்கும் நல்லவர் மனம் மாறி நீதி வழங்குவார். இரண்டு, கீழே இருப்பவர் எழுந்தால் அவருக்குள் ஒரு ஏமாற்றுக்காரனோ பைத்தியக்காரனோ ஒளிந்திருப்பான். தன்மானத்தோடும் தெளிவோடும் அமைப்பாகத் திரளும் ஒடுக்கப்பட்டவரைக் கற்பனை செய்ய மட்டும் முடியவில்லை. ஒளியைவிட வேகமாகப் போகும் கப்பலைக் கற்பனை செய்ய முடிகிறது!

தொலைவில் தெரிவது, பக்கத்தில் தெரியாதது

கற்பனையின் இந்த வறுமைக்கு நிஜத்தில் விலை இருக்கிறது. வோங்குகளையும் மின்பாரிகளையும் படைத்த அதே அமெரிக்காவில், 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகர மன்றம் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்தது. அந்நாட்டில் அப்படிச் செய்த முதல் நகரம் அது. அதே ஆண்டு கலிபோர்னியா சட்டமன்றம் எஸ்பி 403 என்ற மசோதாவை நிறைவேற்றியது. அக்டோபரில் ஆளுநர் கேவின் நியூசம் அதை ரத்து அதிகாரத்தால் திருப்பி அனுப்பினார். ஏற்கெனவே உள்ள சட்டங்களே போதும், இது தேவையில்லை என்பது சொல்லப்பட்ட காரணம்.

விண்மீன் மண்டலம் தாண்டி வரும் வேற்றுலகத்தாரிடம் சாதியைப் பார்த்தால் உடனே அடையாளம் காணும் பண்பாடு, தன் அலுவலகத்தில் அடுத்த மேசையில் அது உட்கார்ந்திருக்கும்போது பெயர் சொல்லத் தயங்குகிறது. காரணம் புரியாததல்ல. கதையில் சாதி எப்போதும் கண்ணுக்குத் தெரியும்படி இருக்கிறது: தழும்பு, பச்சை குத்தல், அழுகும் கை, கத்தும் பூசாரி. நிஜத்தில் அது குடும்பப் பெயரைக் கேட்கும் புன்னகையாக இருக்கிறது, முதுகைத் தட்டிப் பூணூல் இருக்கிறதா என்று தடவிப் பார்க்கும் கையாக இருக்கிறது, ‘நீங்க சைவமா?’ என்ற கேள்வியாக இருக்கிறது. சாதி என்றால் ரத்தமும் நரபலியும் என்று கதை பழக்கிவிட்டால், ரத்தம் சிந்தாத சாதி யாருக்கும் சாதியாகவே தெரியாது.

வேறு விதமாக எழுத முடியாதா? முடியும் என்று என்.கே. ஜெமிசின் காட்டினார். அவருடைய ‘தி ஃபிஃப்த் சீசன்’ (2015) நாவலில் ஒவ்வொருவர் பெயரோடும் அவர் எந்தப் ‘பயன்பாட்டுச் சாதி’ என்பது ஒட்டிக்கொண்டே வரும். நிலநடுக்கத்தை அடக்கும் ஆற்றல் பெற்றவர்களை அந்தச் சமூகம் அஞ்சுகிறது, வெறுக்கிறது, சங்கிலியில் வைத்து வேலை வாங்குகிறது. கதை அவர்கள் மேல் இரக்கப்படும் ஒரு வீரனின் கண்ணிலிருந்து சொல்லப்படுவதில்லை, அவர்களில் ஒருத்தியின் கண்ணிலிருந்தே சொல்லப்படுகிறது. உலகத்தைக் காப்பாற்றலாமா என்ற கேள்விக்கு முன்னால், இந்த உலகம் காப்பாற்றத் தகுந்ததா என்று அவள் கேட்கிறாள். அந்த மூன்று நாவல்களும் 2016 முதல் 2018 வரை அடுத்தடுத்து மூன்று ஹ்யூகோ விருதுகள் பெற்றன. வாசகர்களுக்கு இது புரியாது என்ற சாக்கு இனி செல்லாது.

ஆகவே இளம் நண்பர்களிடம் சொல்ல விரும்புவது இதுதான். இப்படியான கதைகளைத் தூக்கி எறிய வேண்டாம். ஆசையாகப் படியுங்கள், பாருங்கள், விளையாடுங்கள். கூடவே சில கேள்விகளையும் வைத்துக்கொள்ளுங்கள். இந்தச் சமூகத்தில் சோறு யார் ஆக்குகிறார்கள்? கழிவை யார் அகற்றுகிறார்கள்? அவர்களுக்குப் பெயர் இருக்கிறதா? கடவுளின் தீர்ப்பு என்று சொல்லப்படுவதை எழுதிய கை யாருடையது? விடுதலை வரும்போது பேசுகிறவர் யார்? கடைசிப் பழி யார் தலையில் விழுகிறது?

அடுத்து, எழுதுங்கள். தமிழில் அறிவியல் புனைவு எழுதுகிறவர்கள் பெருகி வருகிற காலம் இது. அந்தக் கதைகளிலும் விண்கலத்தின் தலைவன் யாராக இருப்பான், அடித்தளத்தில் கழிவுநீர்க் குழாயைச் சரிசெய்பவர் யாராக இருப்பார் என்பதை நாம் இப்போதே முடிவு செய்யாவிட்டால், பழைய கதை தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். ரபுவாங் செத்த அன்றிரவு, அங்கே நின்ற இழிவாக்கப்பட்ட ஒருத்தி தன் இருப்பிடத்துக்குத் திரும்பிப்போய் அடுத்தவளிடம் அந்தச் செய்தியைச் சொல்லியிருப்பாள் அல்லவா? என்ன சொற்களில் சொன்னாள்? கேட்டவள் என்ன கேட்டாள்? 19 நாவல்களிலும் எழுதப்படாத அத்தியாயம் அது. அதை எழுதத் தெரிந்தவர்கள் நம்மிடையே நிறைய பேர் இருக்கிறார்கள்.